ஓர் அரண்மனை, இரு நூல்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா என வழங்கும் நாட்டின் நடுப்பகுதியில் குமாசி என்னும் நகரம் இருக்கிறது. அசாந்தி மன்னர்களின் தலைநகரம் அது. 1896-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிரிட்டிஷ் படையொன்று அந்நகரத்துள் நுழைந்து, மன்னரைச் சிறைப்பிடித்து, அரண்மனையைத் துடைத்தெடுத்தது. அந்த அரண்மனையோடு தொடர்புடைய இரு நூல்களை இக்கட்டுரையில் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒன்று, உள்ளே புகுந்த படையில் அதிகாரியாக இருந்தவர் எழுதியது. ‘பிரெம்பேயின் வீழ்ச்சி’ என்று பெயர். நிகழ்ச்சி நடந்த அதே 1896-இல் இலண்டனில் அச்சாகிவிட்டது. மற்றொன்று, வெளியேற்றப்பட்ட மன்னர் நாடு கடத்தப்பட்ட தீவில் இருந்துகொண்டு 1907-இல் எழுதுவிக்கத் தொடங்கியது. ‘அசாந்தி மன்னர்களின் வரலாறு’ என்பது அதன் பொருள். அது அச்சேறியதோ 2003-இல். வென்றவரின் நூலுக்கு ஓராண்டுகூடத் தேவைப்படவில்லை. தோற்றவரின் நூல் 96 ஆண்டுகள் காத்திருந்தது. இந்தக் கால இடைவெளியில்தான் அசாந்தியைப் பற்றி உலகம் பேசும் சொற்களெல்லாம் உருவாகி நிலைபெற்றன. யாருடைய சொற்கள் அவை என்பதே நம் ஆராய்ச்சி.

பொன்னும் மிஸ்காலும்

நூல்களுக்குள் நுழையுமுன் நாட்டை அறிந்துகொள்வது நலம். அசாந்தியரும் அவர்களைச் சேர்ந்த அக்கான் மக்களும் வாழும் நிலம் பொன் விளையும் நிலம். ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கடற்கரையைக் காணும் முன்பே, அங்கிருந்து பொன் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. முஸ்லிம் வணிகர்கள் காட்டின் விளிம்புவரை வந்து பொன்தூளை வாங்கிச் சென்றனர். அந்த வணிகத்தின் தடம் அக்கான் மக்களின் எடைக்கற்களில் இன்றும் காணக் கிடக்கிறது. பறவை, முதலை, மனிதன் என்று பல வடிவங்களில் பித்தளையில் வார்த்த சிறு கற்கள் அவை. அவற்றை நிறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர்கள், அவற்றுள் ஒரு பகுதி அரபு நாட்டு மிஸ்கால், ஊகிய்யா ஆகிய அளவுகளைத் தழுவியது எனக் கண்டனர். இருபது மிஸ்கால் பொன்னுக்கு ஸகாத் கடமை என்று மதரஸாவில் பாடம் படித்த நமக்கு அந்தச் சொல் அந்நியமானதன்று. நாம் கிதாபில் படித்த அளவையை அவர்கள் தராசில் வைத்து நிறுத்திருக்கிறார்கள்.

பின்னர் கடல்வழி திறந்தது. 1482-இல் போர்த்துகீசியர் கரையில் கோட்டை கட்டினர். அவ்விடத்துக்கு எல்மினா என்று பெயர் நிலைத்தது. அரபு கற்றோர் காதில் அது துறைமுகத்தைக் குறிக்கும் ‘மீனா’ போல ஒலிக்கும். ஆனால் போர்த்துகீசியர் மொழியில் ‘மினா’ என்றால் சுரங்கம். வந்தவர்கள் கண்ணில் ஊர் தெரியவில்லை, மக்கள் தெரியவில்லை. சுரங்கம் ஒன்றே தெரிந்தது. அதன் பிறகு அந்தக் கரை முழுவதற்குமே ‘பொற்கரை’ என்று பெயராயிற்று. 1663 முதல் இங்கிலாந்து அச்சிட்ட பொற்காசுக்கும், அந்தப் பொன் வந்த திசையின் பெயரால் ‘கினி’ என்றே பெயர் வழங்கிற்று. ஒரு நிலத்துக்கு அதன் விளைபொருளையே பெயராக இட்டவர்கள், அந்த விளைபொருளைத் தமக்குரியது என்று எண்ணத் தொடங்குவதற்கு நெடுங்காலம் ஆகாது.

1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒசே டுட்டு என்னும் தலைவர் சிதறிக்கிடந்த சிற்றரசுகளை ஒன்றிணைத்து அசாந்தி அரசை நிறுவினார். அரசின் அடையாளமாக நின்றது முடியன்று. தாழ்ந்த மணை ஒன்று. பொன்மணை என்று நாம் அதைச் சொல்லலாம். மன்னரும் அதன்மேல் அமர்வதில்லை. நாட்டு மக்கள் அனைவரின் உயிரும் அதனுள் உறைவதாக அசாந்தியர் நம்பினர். பின்னால் வரும் செய்திகளுக்கு இது இன்றியமையாதது.

முதற் கொள்ளை

1896-ஐ விளங்கிக்கொள்ள 1874-ஐ அறிய வேண்டும். டச்சுக்காரர் 1872-இல் எல்மினாவைப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டனர். அந்தத் துறையில் தமக்கு உரிமை உண்டெனக் கருதிய அசாந்தியர் கரைநாட்டின்மீது படையெடுத்தனர். பதிலுக்கு வுல்ஸ்லி என்னும் தளபதி பெரும்படையோடு வந்து 1874 பிப்ரவரி 4-ஆம் நாள் குமாசியில் நுழைந்தார். மன்னர் கோஃபி கக்காரி நகரைவிட்டு அகன்றிருந்தார். கொள்ளைப் பொருளைச் சேர்ப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட அதிகாரிகள் அரண்மனைப் பொருள்களைப் பொறுக்கி எடுத்தனர். பிறகு நகருக்குத் தீயிட்டு, கல்லாற் கட்டிய அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் படை திரும்பிற்று. வந்து போனது சில நாள்களே.

அள்ளிய பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. இங்கிலாந்து அரச குடும்பத்தின் நகை வணிகரான கரார்ட் நிறுவனம் பொன்னணிகள் பலவற்றை வாங்கிற்று. அங்கிருந்து விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 13 பொருள்களை அந்த ஆண்டே வாங்கிக்கொண்டது. பொன்னாலான மனிதத் தலையொன்று வாலஸ் என்னும் செல்வரின் சேகரிப்பை அடைந்தது. இத்தனையும் போதாதென்று, போருக்கான ஈடாக 50,000 அவுன்சு பொன் செலுத்த வேண்டும் என்று ஃபொமேனா என்னுமிடத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கை விதித்தது.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு செய்தியைக் கருத்திற்கொள்ள வேண்டும். அதே 1874-இல் அசாந்தியர் தங்கள் மன்னர் கோஃபி கக்காரியைப் பதவியிலிருந்து இறக்கினர். அவர்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, முன்னோரான மன்னர்கள் அடக்கமாகிய பாண்டாமா மாளிகையிலிருந்து பொன்னணிகளை எடுத்துக்கொண்டார் என்பது. ஆள்பவனே ஆனாலும் தனக்குரியதல்லாத பொன்னில் கைவைத்தால் அமர்ந்த இடத்தை இழப்பான் என்பது அவர்கள் நாட்டு முறை. சட்டம் அறியாத காட்டுமிராண்டிகள் என்று எழுதப்பட்ட மக்களின் சட்டம் அது. அதே ஆண்டில் அவர்களுடைய பொன்னை அள்ளியவர்களுக்கோ தாயகத்தில் பாராட்டும் பட்டமும் கிடைத்தன.

படை அதிகாரியின் நூல்

‘பிரெம்பேயின் வீழ்ச்சி’யை எழுதியவர் ராபர்ட் பேடன் பவல். சாரணர் இயக்கத்தை நிறுவியவர் என்ற முறையில் அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த இயக்கம் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலத்து நூல் இது. அசாந்திப் படையெடுப்பில் உள்நாட்டு ஆள்களைக் கொண்ட துணைப்படையொன்று அவர் பொறுப்பில் இருந்தது. நாட்குறிப்பு வடிவில் அமைந்த நூலில் அவர் வரைந்த படங்களும் உண்டு.

நூலின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. எழுத்து விறுவிறுப்பாக ஓடுகிறது. அடர்ந்த காட்டில் வழி திருத்துவதையும், ஓடைகளுக்குப் பாலமிடுவதையும், சுமை தூக்கும் ஆள்களைத் திரட்டி நடத்துவதையும் அவர் கூறும்போது, வேலை தெரிந்தவன் வேலையைப் பற்றிச் சொல்லும் தெளிவு அதில் இருக்கிறது. கண்ணால் கண்டதைச் சுருங்கச் சொல்லும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் அந்தக் கண் எதைக் கண்டது, எதைக் காணாமல் நின்றது என்பதில்தான் திறனாய்வு தொடங்குகிறது.

படையெடுப்பின் காரணத்தை முதலில் நோக்குவோம். 1888-இல் பட்டமேறிய இளம் மன்னர் பிரெம்பே, உள்நாட்டுப் பூசலால் சிதைந்த அரசை மீண்டும் ஒன்றுபடுத்திக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்கும்படி கேட்டபோது, நட்பு வேண்டும், அடிமை நிலை வேண்டா என மறுத்தார். 1895-இல் தம் தூதர்களை இலண்டனுக்கே அனுப்பினார். அரசாங்கம் அவர்களைத் தூதர்களாக ஏற்க மறுத்துவிட்டது. அவ்வாண்டிலேயே வடக்கே பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடிவந்த சமோரி தூரேயிடமும் பிரெம்பே தூதனுப்பினார். அல்மாமி என்று மக்கள் அழைத்த தலைவர் அவர்; அல்இமாம் என்ற அரபுச் சொல்லே அங்கு அவ்வாறு மருவிற்று. அசாந்தியின் பொன்னும் சமோரியின் படையும் சேர்ந்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். பிரான்சும் ஜெர்மனியும் முந்திக்கொள்ளுமோ என்ற அச்சம் மறுபுறம். படை புறப்பட்டுவிட்டது.

பிரெம்பே போரிடவில்லை. படை சனவரி 17-ஆம் நாள் எதிர்ப்பின்றி நுழைந்தது. சனவரி 20-இல் மன்னரும் அவருடைய தாயார் யா அச்சியாவும் ஊரார் முன்னிலையில் ஆளுநரின் பாதங்களைப் பற்றிப் பணிய வைக்கப்பட்டனர். உடனே பழைய 50,000 அவுன்சுக் கணக்கு வெளியே எடுக்கப்பட்டது. ஒரு பகுதியை இப்போது தருகிறேன், மீதியைத் தவணையாகத் தருகிறேன் என்றார் மன்னர். அது ஏற்கப்படவில்லை. மன்னரும் தாயாரும் தந்தையும் தலைவர்கள் பலரும் கைதாயினர்.

சொல்லின் உள்ளே

அதன் பிறகு நடந்ததைப் பேடன் பவல் விவரிக்கும் பக்கங்களே நூலின் உயிர்நிலை. அரண்மனைப் பொருள்களைத் திரட்டும் பணி பிரிட்டிஷ் வீரர்களின் ஒரு பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெருஞ்செல்வம் இருப்பதாகப் பேசப்பட்ட மன்னரின் மாளிகையைத் துருவிப் பார்ப்பதைவிடச் சுவையான, சபலம் தரும் வேலை வேறில்லை என்று அவர் மகிழ்ந்து எழுதுகிறார். ஒருவன் பொற்பிடி வாள்களை அணைத்துக்கொண்டு போகிறான், இன்னொருவன் பொன்னணிகளும் மோதிரங்களும் நிறைந்த பெட்டியைச் சுமந்து போகிறான் என்று காட்சியை அடுக்குகிறார். அடுக்கிவிட்டு, வீரர்கள் அந்தப் பணியை மிக நேர்மையாகச் செய்தனர் என்றும், கொள்ளையென்று சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை என்றும் பெருமையோடு முடிக்கிறார்.

அரண்மனை காலியாயிற்று, ஆனால் கொள்ளை நடக்கவில்லை! இதனை வஞ்சகமாக எழுதினார் என்று நான் கருதவில்லை. உண்மையென்று நம்பியே எழுதியிருக்கிறார். அதுதான் நம் கவனத்துக்குரியது. ஆங்கிலேயர் கொள்ளைக்கு வழங்கும் ‘லூட்’ என்னும் சொல் இந்துஸ்தானியிலிருந்து அவர்கள் கொண்டுபோன சொல். கொண்டுபோன இடத்தில் அதன் பொருளைச் சுருக்கிவிட்டார்கள். தனி வீரன் தன் பைக்குள் போட்டுக்கொண்டால் அது கொள்ளை. அதிகாரி பட்டியலிட்டு அரசாங்கத்தின் பெட்டிக்குள் போட்டால் அது திரட்டுதல்.

ஃபிக்ஹுக் கிதாபுகளில் போர்ச் செல்வத்தைப் பற்றிய பாடத்தில் ‘குலூல்’ என்றொரு சொல் வரும். படை முழுவதற்கும் பொதுவான செல்வத்திலிருந்து ஒருவன் தனக்கென்று மறைத்துக்கொள்வதே குலூல். கடுமையாகக் கண்டிக்கப்பட்ட குற்றம். பேடன் பவல் தம் வீரர்களுக்கு வழங்கும் நற்சான்று, அவர்களிடம் குலூல் இல்லை என்பது மட்டுமே. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தச் செல்வம் அந்தப் படைக்கு எவ்வாறு உரியதாயிற்று? ஒரு குண்டும் வெடிக்காத நகரில், பணிந்து நின்ற மன்னரின் வீட்டில், எந்த முறையின்படி அது படைக்குச் சொந்தமாயிற்று? நூல் முழுவதும் தேடினாலும் அந்தக் கேள்வி எழவே இல்லை. முதற் கேள்வியை விழுங்கிவிட்டு இரண்டாவது கேள்வியில் மட்டும் கறாராக இருப்பது பிரிட்டிஷாரின் தனிச்சொத்துமன்று. முஸ்லிம் பெயர் தாங்கிய அரசர்களின் படைகளும் அப்படி நடந்த காலங்கள் வரலாற்றில் உண்டு. ஆகவே இந்த உரைகல்லை ஒருவர்மீது மட்டும் எறியும் கல்லாக்கிவிடாமல், எல்லாப் பொன்னையும் உரைத்துப் பார்க்கப் பயன்படுத்துவதே நீதி.

இன்னொரு பொருளின் கதையும் இங்கே பொருந்தும். குமாசி அரண்மனையிலிருந்து அப்போது எடுக்கப்பட்டவற்றுள் பெரிய வெண்கலக் கூசா ஒன்று இருந்தது. அது அசாந்தியில் வார்த்ததன்று. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் வார்த்தது. இங்கிலாந்தின் அரச முத்திரை அதில் உள்ளது. ஏதோ ஒரு வணிகப் பாதையில் கைமாறிக் கைமாறி அசாந்தி மன்னரின் முற்றத்தை அடைந்து, அங்கே போற்றப்பட்டு வந்தது. அதனை எடுத்துப்போன அதே 1896-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கிற்று. வாங்கிய பணம் எடுத்தவருக்குப் போயிற்று, வைத்திருந்தவருக்கன்று. அசாந்தியர் வைத்திருந்த ஆங்கிலக் கூசா திரும்ப இங்கிலாந்துக்குப் போனதில் யாருக்கும் சட்டச் சிக்கல் தோன்றவில்லை. அசாந்திப் பொன் அசாந்திக்குத் திரும்புவதில்தான் சிக்கல்களெல்லாம் தோன்றுகின்றன.

நரபலி என்னும் வாதம்

பேடன் பவல் நூலின் அடிப்படை வாதம் ஒன்று: அசாந்தியில் நரபலியும் அடிமை வாணிகமும் இருந்தன, அவற்றை ஒழிக்கவே படை சென்றது. இந்த வாதத்தைப் பொய்யென்று ஒரே வரியில் தள்ளிவிடுவது தேர்ந்த வாசகர்களுக்கு அழகன்று. அரசர் மறைந்தபோது அடிமைகளையும் குற்றவாளிகளையும் கொல்லும் வழக்கம் அசாந்தியில் இருந்தது. வடக்கேயிருந்த தகோம்பா, கோஞ்சா நாடுகளை வென்று, அவர்களிடமிருந்து ஆண்டுதோறும் மனிதர்களையே திறையாகப் பெற்ற அரசு அது. அந்தத் திறையில் முஸ்லிம்களும் அகப்பட்டிருக்கலாம். கொள்ளை போனவன் என்பதால் ஒருவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை.

ஆயினும் ஒருவரின் நோக்கத்தை அறிய அவர் சொல்லும் சொல்லைவிட, செய்யும் செயலின் வரிசை நல்ல சாட்சி. 1874 உடன்படிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னைப் பற்றிய விதியில் 50,000 அவுன்சு என்று எண் இருக்கிறது. நரபலியைப் பற்றிய விதியிலோ, அதனைத் தடுக்க மன்னர் தம்மால் இயன்ற முயற்சியைச் செய்வார் என்ற அளவே இருக்கிறது. பொன்னுக்குக் கணக்கு, உயிருக்கு முயற்சி. 1896-இலும் பணிந்து நின்ற மன்னரிடம் உடனே கேட்கப்பட்டது பொன்தான்.

நூலின் அமைப்பே இதனை ஒப்புக்கொள்கிறது. ஆசிரியரின் சகோதரரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஜார்ஜ் பேடன் பவல் எழுதிய அத்தியாயம் ஒன்றும் நூலில் சேர்க்கப்பட்டுள்ளது. அதன் பொருள் அசாந்தியின் அரசியல், வாணிக நிலை. நாட்குறிப்பு நரபலியைப் பேசுகிறது. உடன்வந்த அத்தியாயம் வாணிகத்தைப் பேசுகிறது. இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டிய நூல்கட்டுநர் அறியாமலேயே உண்மையைச் சொல்லிவிட்டார் எனலாம்.

அடுத்த ஆண்டு நடந்ததையும் காண்க. ஒபுவாசி என்னும் பகுதியில் கரைநாட்டு வணிகர்கள் மூவர் 1890-இல் சுரங்க உரிமை பெற்றிருந்தனர். 1895-இல் எட்வின் கேட் என்ற ஆங்கிலேயர் அதனைக் கைக்கொண்டார். 100 சதுரமைல் நிலம். 90 ஆண்டுக் குத்தகை. மன்னர் நாட்டை விட்டு அகற்றப்பட்ட பிறகு, 1897-இல், பிரிட்டிஷ் அரசு அந்தக் குத்தகைக்கு இசைவளித்தது. அவ்வாண்டிலேயே அசாந்திப் பொன்வயல் கம்பெனி இலண்டனில் தோன்றிற்று. அரண்மனையிலிருந்து எடுத்தது பெட்டிகளில் அடங்கிற்று. நிலத்தின் அடியிலிருந்து எடுத்ததற்குப் பெட்டி போதாது. அதற்குத் தண்டவாளம் தேவைப்பட்டது. 1903-இல் கடற்கரையிலிருந்து குமாசிவரை இரயில் பாதை நிறைவுற்றது. அது ஒபுவாசி வழியாகவே சென்றது. அருங்காட்சியகப் பேழையில் இருக்கும் பொன்னைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். குத்தகைப் பத்திரத்தின் வழியாகப் போன பொன்னைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. கண்ணுக்கு அழகாக இல்லாத கொள்ளை எளிதில் மறக்கப்படுகிறது.

மன்னரின் நூல்

இனி இரண்டாவது நூலுக்கு வருவோம். பிரெம்பே முதலில் கடற்கரைக் கோட்டையிலும், பின்னர் சியரா லியோனிலும், 1900 முதல் இந்துமாக்கடலில் உள்ள செய்செல்சுத் தீவிலும் வைக்கப்பட்டார். பட்டமேறியபோது எழுத்தறியாதவர், தீவில் ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் கற்றார், கிறித்தவ சமயத்தைத் தழுவி எட்வர்டு என்னும் பெயரையும் ஏற்றார். ஊர் திரும்ப அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில்தான் இந்த நூல் உருவாயிற்று.

அவருடைய தாயார் யா அச்சியாவின் நினைவே நூலுக்கு முதன்மையான ஆதாரம். மூதாட்டி சொல்ல, மகன் எழுதுவித்தார். தம் தாய்மொழியில் அன்று. அண்மையில் கற்ற ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலம் இலக்கணச் செம்மை உடையதன்று. பேடன் பவலின் ஓட்டமும் நகைச்சுவையும் இங்கே கிடையா. இந்த மன்னர், இந்தத் தாயின் மகன், இந்த மணைக்கு இவர் உரியவர் என்று வழிமுறை வழிமுறையாகப் பெயர்கள் தொடர்கின்றன. புதிதாகப் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். ஆனால் நஸபு என்னும் வமிசாவளிக் கலையின் அருமை அறிந்தவர்கள் அப்படித் தள்ளமாட்டார்கள். யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளரின் தொடரைப் பேணும் கல்வியில் வளர்ந்தவர்களுக்கு இந்நூலின் உள்நோக்கம் எளிதில் விளங்கும். பொருளை இழந்தவன் பொருளின் விலையை எழுதவில்லை. பொருளுக்கு உரியவர் யார் என்ற சங்கிலியை எழுதுகிறான். விலை மாறும், கைமாறும். சங்கிலி அறுபடாமல் இருந்தால் உரிமை அழியாது.

இரு நூல்களின் பேதமும் இதுவே. ஒன்றில் அரண்மனை பொருள்கள் நிறைந்த கிடங்கு. மற்றொன்றில் அரண்மனை உறவுகள் நிறைந்த வீடு. முதல் நூலில் வாள் என்றால் அதன் பிடியில் எவ்வளவு பொன் என்பது செய்தி. அசாந்தியரைக் கேட்டாலோ, அந்த வாளின்மேல் ஆணையிட்டவர் யார் என்பது செய்தி.

பொன்மணையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1900 மார்ச் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாட்சன் குமாசிக்கு வந்து, அந்த மணை ஏன் தமக்குக் கொண்டுவரப்படவில்லை, தாம் அமர்வதற்கு அது ஏன் இடப்படவில்லை என்று தலைவர்களைக் கேட்டார். தங்கள் மன்னரும் அமராத இடத்தில் அந்நியர் அமரக் கேட்டதை அசாந்தியர் பொறுக்கவில்லை. எஜிசுவின் அரசமாதா யா அசந்தேவா தலைமையில் போர் மூண்டது. போரில் தோற்றனர், யா அசந்தேவாவும் செய்செல்சுக்கே அனுப்பப்பட்டு 1921-இல் அங்கு மறைந்தார். ஆனால் மணை கிடைக்கவில்லை. அது மண்ணுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. அது மக்களுக்கு எத்தகையது என்பதை ராட்ரே என்னும் ஆய்வாளர் விளக்கிய பின்னர், 1921-இல் அதனைத் தாங்கள் கோருவதில்லை என்று ஆட்சியாளர் அறிவித்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் கேட்டறிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய போர் அது.

மன்னரின் நூலுக்கும் குறை உண்டு. அது அரச குலத்தின் நூல். திறையாக வந்த அடிமையின் குரல் அதில் இல்லை; படையெடுப்பில் சுமை தூக்கிய கூலிகளின் குரல் பேடன் பவல் நூலில் இல்லாததுபோலவே. குமாசியில் வாழ்ந்த முஸ்லிம்களைப் பற்றி அறிய வேண்டுமானால் இவ்விரண்டையும் விட்டு, 1824-இல் டுபுயி என்பவர் வெளியிட்ட பயண நூலை நாட வேண்டும். அரபு அறிந்த அவர் 1820-இல் குமாசி முஸ்லிம்களோடு பேசி, அவர்கள் எழுதிக்கொடுத்த வழிக்குறிப்புகளையும் மொழிபெயர்த்துச் சேர்த்தார். அந்த முஸ்லிம்களின் அரபுக் கையெழுத்துகள் கட்டாக இன்று கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கின்றன. இரு நூல்களைப் படித்தவுடன் வரலாறு முடிந்துவிட்டதென்று எண்ணாதிருக்க இவை போதும்.

கடன் என்னும் சொல்

பிரெம்பே 1924-இல் ஊர் திரும்பினார். மன்னராக அன்று, தனி மனிதராக. 1926-இல் குமாசியின் தலைவர் என்ற அளவு ஏற்கப்பட்டு, 1931-இல் மறைந்தார். போன பொருள்கள் அவரோடு திரும்பவில்லை.

அவை திரும்பியது 2024-இல். முதற் கொள்ளையின் 150-ஆம் ஆண்டு. பிரெம்பே திரும்பிய 100-ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 15 பொருள்களையும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 17 பொருள்களையும் குமாசியின் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பின. எவ்வாறு? மூன்றாண்டுக் கடனாக! தம் சேகரிப்பைக் கையளிக்கச் சட்டம் தடையாக இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைப் பற்றிய சட்டம் 1963-இலும், மற்றதைப் பற்றியது 1983-இலும் அவர்களுடைய நாடாளுமன்றமே இயற்றியவை. அதே 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபவ்லர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு பொருள்களைக் கடனென்று சொல்லாமல், நிபந்தனையின்றி அசாந்தி மன்னரிடமே ஒப்படைத்தது. மனமிருந்தால் நிபந்தனை தேவையில்லை என்பதற்கு அது சான்று.

கடன் கொடுப்பவன் உரியவன். வாங்குபவன் திருப்பித் தர வேண்டியவன். அந்தப் பொருள்களைக் குமாசியில் ஏற்று வைத்துக்கொண்டவர்களின் நிலைமை நமக்குப் புரியாமலில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் காணாத முன்னோரின் அணிகளைக் கண்ணால் காண்பதற்கு அந்தச் சொல்லைப் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தச் சொல்லை நாமும் ஏற்றுக்கொண்டு வாசிப்பதற்குக் கட்டாயமும் இல்லை. திரட்டுதல் என்று 1896-இல் எழுதிய பேனாவும் கடன் என்று 2024-இல் எழுதிய பேனாவும் ஒரே மைக்கூட்டில் தொட்டவையே. இரண்டிலும் உரியவர் யார் என்ற கேள்வி எழாதபடி சொல் காவல் நிற்கிறது.

‘பிரெம்பேயின் வீழ்ச்சி’யைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எடுத்தவரே தந்த சாட்சியம் அது. எந்த அறையிலிருந்து எது போயிற்று என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் அதைப் படிப்பவர் மன்னரின் நூலையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று எடுத்த பொருள்களின் பட்டியல். மற்றொன்று அப்பொருள்களுக்கு உரியவர்களின் பட்டியல். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.